தனி ஆளாகப் பாய்மரப் படகில்: சுறாவை விடுங்கள், சுக்கானைப் பாருங்கள்

மதுரை கே.கே.நகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொச்சியில் 28 அடி பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறாராம். தை, மாசிக்குள் தனி ஆளாக அதை மாலத்தீவின் தலைநகர் மாலே வரை ஓட்டிப் போக ஆசை. நடுக்கடலில் ஏதாவது பழுதானால் என்ன செய்வது, திமிங்கலமோ சுறாவோ வந்தால் என்ன செய்வது, சுறாவுக்கு ஆயுதம் ஏதும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்பது கேள்வி. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. அங்கிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் வில்லாபுரத்துக்காரன். கப்பல் இன்ஜின் ரூமில் பல வருஷம் இருந்துவிட்டு, அப்புறம் பாய்மரப் படகுகளை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய் உரியவரிடம் ஒப்படைக்கிற வேலை பார்த்தேன், சில நேரம் துணைக்கு ஆளோடு, சில நேரம் தனியாக. கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் திமிங்கலத்துக்குப் பயப்படுவார்கள், அடுத்து சுறா, அடுத்து புயல், இன்ஜின் கடைசியில்தான் வரும். என் வரிசை வேறு. தனி ஆள் தூங்க முடியாமல் போவதுதான் எனக்கு முதல் பயம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பும். நீங்கள் தூங்கும்போது சுக்கானைப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். அது போய்விட்டால் நீங்களே நாள் முழுக்க டில்லரை, அதாவது சுக்கானைத் திருப்புகிற கைத்தடியை, பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், இரண்டாம் நாள் இரவு கண் சொருகும், மூன்றாம் நாள் இல்லாத கப்பல் தெரியும், இருக்கிற கப்பல் தெரியாது.

அதனால் முதலில் அந்தக் கருவி. உங்கள் படகில் டில்லரில் மாட்டுகிற எலக்ட்ரிக் ஆட்டோபைலட் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சின்னப் படகுகளுக்கு வருகிற அந்தக் கருவிகளுக்கு உப்புத்தண்ணீர் ஜென்ம விரோதி. உள்ளே ஈரம் இறங்கும், பற்சக்கரம் தேயும், பேட்டரியையும் குடிக்கும். ஒன்றை மட்டும் நம்பிப் போகக் கூடாது. காற்றை வைத்தே சுக்கானைத் திருப்புகிற விண்ட்வேன் ஒன்று பின்புறத்தில் பொருத்த முடிந்தால் பொருத்துங்கள், அதற்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் அதுவும் உடையும். தனி ஆளாக நிறுத்தாமல் உலகைச் சுற்றுகிற கோல்டன் குளோப் பந்தயம் 2022இல் கிளம்பியபோது, அதில் முன்னணியில் போய்க்கொண்டிருந்த சைமன் கர்வென் என்ற பிரிட்டிஷ்காரருக்கு விண்ட்வேன் உடைந்து, அதைச் சரிசெய்ய சிலி நாட்டுக் கரைக்குப் போக வேண்டியதாயிற்று. அதே பந்தயத்தில் நம்ம நாட்டு அபிலாஷ் டோமி தன் படகின் கழிப்பறைக் கதவை அறுத்து விண்ட்வேனுக்குத் தகடு செய்துகொண்டு ஓட்டினார், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். கதவு இல்லாமல் கழிப்பறைக்குப் போகலாம், தனி ஆள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்.

விண்ட்வேன் பெரும்பாலும் உலோகம் உடைந்து நிற்பதில்லை, கயிறு தேய்ந்துதான் நிற்கும். தகட்டிலிருந்து டில்லருக்கு வருகிற கயிறு கப்பியில் வளைகிற இடத்தை மட்டும் பாருங்கள். முதலில் பளபளப்பு போகும், பிறகு பூனைக்கு முதுகில் மயிர் சிலிர்த்த மாதிரி இழை நிற்கும், அந்தக் கட்டத்திலேயே ஒரு சாண் இழுத்து வேறு இடம் கப்பியில் படும்படி மாற்றிவிட வேண்டும். இதற்காகவே கயிற்றைத் தேவைக்கு மேல் இரண்டு முழம் கூடுதலாக விட்டுக் கட்டுங்கள். காலையில் காபி குடிக்கிறோமோ இல்லையோ, இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு கருவியும் போய்விட்டால்? அதற்கும் வழி இருக்கிறது, செலவு ஒரு சைக்கிள் டியூப். முன் பாயை இழுத்துப் பிடிக்கிற கயிற்றை, நம்ம கடற்கரையில் தாமான் என்பார்களே அதை, காற்று வருகிற பக்கத்தில் ஒரு கப்பி வழியாகக் கொண்டுவந்து டில்லரில் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் டில்லரிலிருந்து சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டுங்கள். காற்று கூடும்போது படகு காற்றை நோக்கித் தலையைத் திருப்பப் பார்க்கும், அதே நேரம் பாயின் இழுப்பும் கூடும், அந்த இழுப்பு டில்லரைக் காற்றுப் பக்கம் இழுத்துப் படகைத் திரும்ப வழிக்குக் கொண்டுவரும். காற்று தளர்ந்தால் டியூப் எதிர்ப்பக்கம் இழுக்கும். டியூப் எத்தனை மடிப்பு, கயிறு டில்லரில் எந்த இடம் என்பதெல்லாம் படகுக்குப் படகு மாறும், கரைக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க முடிச்சை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். பிடிபட்டுவிட்டால் மணிக்கணக்கில் கை வைக்காமல் போகலாம். இதை நீங்கள் பழகாமல் கிளம்பினால் நான் கோபப்படுவேன்.

சுக்கானே போய்விட்டால் கதை வேறு. பின்னால் ஒரு இழுவைப் பொருளை, பழைய டயரோ கயிற்றுச் சுருளோ, இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். இடது கயிற்றைச் சுருக்கினால் படகு இடது பக்கம் திரும்பும், வலதைச் சுருக்கினால் வலது. வேகம் பாதியாகும், ஆனால் போய்ச் சேரலாம்.

எது உடைந்தாலும் முதலில் செய்ய வேண்டியது படகை நிறுத்துவது. பாய்மரப் படகில் பிரேக் இல்லை என்பார்கள், இருக்கிறது. முன் பாயை எதிர்ப்பக்கம் பின்னோக்கி இழுத்துக் கட்டி, பெரிய பாயைச் சுருக்கி, டில்லரைக் காற்று போகிற பக்கம் தள்ளிக் கட்டிவிட்டால் படகு முனகிக்கொண்டு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே மெதுவாக ஒதுங்கும். ஹீவ் டூ என்பது இதுதான். நின்றதும் படகின் ஆட்டம் பாதி அடங்கும், உங்கள் மூளையும் அடங்கும். டீ போடுங்கள். பிறகு கருவிப் பெட்டியைத் திறங்கள். தனி ஆள் கெட்டுப்போவது முதல் பழுதில் இல்லை, அதைச் சரிசெய்ய அவசரமாக ஓடி விரலை நசுக்கிக்கொள்வதில்தான்.

இதற்கு ஒரே விலக்கு, பாய்மரத்தைத் தாங்குகிற கம்பி அறுந்தால். அங்கே டீக்கு நேரமில்லை. பக்கவாட்டுக் கம்பி போனால் உடனே படகைத் திருப்பி எதிர்ப்பக்கம் காற்று வாங்குங்கள், பாரம் நல்ல கம்பிக்கு மாறிவிடும். முன் கம்பி போனால் காற்று முதுகில் படும்படி திரும்புங்கள், பின் கம்பி போனால் காற்றுக்கு எதிரே திரும்பிப் பெரிய பாயை இறுக்குங்கள். அப்புறம் பாய் ஏற்றுகிற கயிற்றில் சும்மா இருக்கும் ஒன்றை எடுத்துத் தற்காலிகமாகக் கட்டலாம். கம்பியை இறுக்குகிற வயர் ரோப் கிளாம்ப் நம்ம ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், துருப்பிடிக்காத ஸ்டீலில் கேட்டு வாங்குங்கள். மரமே விழுந்துவிட்டால் அதன் கம்பிகளை வெட்டி விட்டுவிட வேண்டும், அலையில் அந்த மரம் படகின் வயிற்றில் இடித்து ஓட்டை போடும். கயிறு எதுவும் தண்ணீரில் தொங்கவில்லை என்று பார்க்காமல் இன்ஜினைத் தொடவே கூடாது.

இன்ஜின் என்றதும் நினைவுக்கு வருகிறது, நீங்கள் மெக்கானிக் கோர்ஸ் எங்கே படிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். கோர்ஸ் வேண்டாம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பழைய டீசல் பம்ப்செட் வைத்துக் கிணற்றில் தண்ணீர் இறைத்த ஒரு பெரியவரைப் பிடியுங்கள். ஃபில்டர் மாற்றி ஏர் எடுப்பது எப்படி என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டுவார். கடலில் டீசல் இன்ஜின் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: துறைமுகத்தில் சும்மா நிற்கும்போது டேங்கின் அடியில் படிந்த சேறு, அலையில் ஆடியதும் கலங்கி ஃபில்டரை அடைக்கும். அடுத்து, குளிர்விக்கிற கடல்தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள். இரண்டு இம்பெல்லர், கைநிறைய ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள். கூட, படகின் அடியில் தண்ணீர் போக வர இருக்கிற ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் அதன் அளவுக்கு ஒரு மரக்கட்டை ஆப்பு கயிற்றில் தொங்க வேண்டும். வால்வு உடைந்தால் தேட நேரமிருக்காது.

உயிரினத்தையும் இன்ஜினையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்குங்கள், அப்போதுதான் விஷயம் புரியும். இன்ஜின் சூடாகி அலாரம் அடித்தால் முதலில் கடல்தண்ணீர் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். சொறி என்று நம்ம கரையில் சொல்கிற ஜெல்லி மீன் கூட்டத்துக்குள் போனால் அது கஞ்சி மாதிரி வழவழவென்று உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும். வெறும் கையால் வழிக்காதீர்கள், செத்த சொறியும் கொட்டும், கையுறை போடுங்கள். உடம்பில் பட்டால் தேய்க்காமல் கடல்தண்ணீர் ஊற்றி, ஒட்டிய இழையை எடுத்துவிடுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது.

பறவைகளைப் பற்றி யாருமே கேட்பதில்லை. கரை காணாத இடத்தில் ஒரு கடற்பறவை வந்து உட்கார்ந்தால் முதலில் மனசுக்கு இதமாக இருக்கும். அது உட்காருகிற இடம் உங்கள் சோலார் பலகையாக இருக்கும், இல்லையென்றால் பாய்மர உச்சியில் காற்றளக்கிற கருவியாக இருக்கும். விடியும்போது பலகை முழுக்க வெள்ளையடித்திருக்கும், அம்மீட்டர் முள் எழுந்திருக்காது. சாயந்திரமே ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்து வைத்துவிடுங்கள், பலகைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் தூண்டில் நரம்பை இரண்டு வரிசை இழுத்துக் கட்டினால் கால் வைக்கத் தயங்கும். கோலா மீன் இரவில் படகில் வந்து விழும், காலையில் பொரித்துத் தின்னலாம், ஆனால் தண்ணீர் வடிகிற துளையில் ஒன்று சிக்கிச் செத்தால் காக்பிட்டில் தண்ணீர் தேங்கும், பார்த்து எடுத்துவிடுங்கள். ஊசி மாதிரி நீள மூக்கு உள்ள முரல் மீன்தான் நிஜமாகவே ஆபத்து. வெளிச்சத்தைப் பார்த்துத் தண்ணீரிலிருந்து ஈட்டி போலப் பாயும், ஆட்களைக் குத்திக் கொன்றிருக்கிறது, பாம்பன் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள். இரவில் தலையில் வெள்ளை டார்ச் போட்டுக்கொண்டு ஓரமாகக் குனியாதீர்கள், சிவப்பு விளக்கு போதும்.

இப்போது சுறா. ஆயுதம் எதுவும் வேண்டாம். ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் 1968–69இல் உலகை நிறுத்தாமல் தனியாகச் சுற்றிய முதல் மனிதர், அவர் படகு சுகைலி நம்ம பம்பாயில் தேக்கில் கட்டியது. வழியில் அடிப்பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்து, அவர் கடலில் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சுறா சுற்றி வந்தது, மேலே ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கி வேலையை முடித்தார். அது அந்தக் காலம். உங்களிடம் துப்பாக்கி இருக்காது, இருக்கவும் கூடாது. சுறா உங்கள் படகை ஒன்றும் செய்யாது. நீங்கள் தண்ணீரில் இறங்கினால்தான் பேச்சு. மீன் கழுவிய தண்ணீர், குடல் எதையும் இறங்கப்போகிற இடத்தில் கொட்டாதீர்கள், அந்தி சந்தியில் இறங்காதீர்கள், பத்து நிமிஷம் சும்மா நின்று தண்ணீரைப் பாருங்கள், பெரிய சுறா ஒன்று சுற்றினால் இறங்க வேண்டாம், அது போகட்டும்.

எதற்கு இறங்க வேண்டி வரும் என்றால், வலைக்கு. திமிங்கலத்தைவிட நூறு மடங்கு வாய்ப்பு இதற்குத்தான். உங்கள் வழியில் லட்சத்தீவின் மினிக்காய்ப் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை ஆட்களின் ஆழ்கடல் படகுகள் நீளமான வலையும் தூண்டில் கயிறும் விட்டிருப்பார்கள், அறுந்து மிதக்கிற வலையும் உண்டு. படகு திடீரென்று தளர்ந்து நின்றால் இன்ஜினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அணையுங்கள், பாயை இறக்குங்கள். முதலில் மேலிருந்தே நீளக் கொக்கியால் இழுத்துப் பாருங்கள். பக்கத்தில் வலைக்காரர்கள் இருந்தால் விஹெச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் தமிழிலேயே கூப்பிடுங்கள், திட்டிக்கொண்டே வந்து எடுத்துக் கொடுப்பார்கள். யாரும் இல்லாமல் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அலை இருக்கும்போது இறங்கவே கூடாது. படகின் பின்புறம் அலையில் ஏறி இறங்கும், அது உங்கள் தலையில் இறங்கினால் முடிந்தது. சுறாவைவிட உங்கள் சொந்தப் படகுதான் அங்கே எதிரி. அமைதியான நேரத்தில் ஹெல்மெட் போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, ஏணியை முதலில் இறக்கிவிட்டு இறங்குங்கள். ஏணி இல்லாமல் குதித்தவர் தனியாக மேலே ஏற முடியாது. திருப்பாச்சேத்தி அரிவாளே கொண்டுபோனாலும் நனைந்த நைலான் வழுக்கும், பல் வைத்த ரொட்டிக் கத்தி நன்றாக அறுக்கும்.

வலையில் மாட்டிய கடல்பாம்பு இருந்தால் தொடாதீர்கள். தானாக வந்து கடிக்காது, ஆனால் விஷம் கடுமையானது, நம்ம ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான், கடல்பாம்புக்கு வேலை செய்யாது. கொக்கியால் தள்ளிவிடுங்கள்.

திமிங்கலம் பற்றி உங்களுக்குள்ள பயம் நியாயமானது, ஆனால் அது பெரும்பாலும் வேண்டுமென்றே இடிக்காது, தூங்குகிற திமிங்கலத்தின் மேல் நீங்கள்தான் ஏறுவீர்கள். பாய்மரப் படகு சத்தமில்லாமல் போவதுதான் பிரச்சினை. இரவில் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டோ, கேபினில் பாட்டுப் போட்டுவிட்டோ போகிறவர்கள் உண்டு. மூச்சு விடுகிற புகை தெரிந்தால் அதற்கும் குட்டிக்கும் நடுவே போகாமல் விலகுங்கள், பக்கத்தில் போய்ப் படமெடுக்கிற வேலை வேண்டாம். இலங்கைக்குத் தெற்கே தேவேந்திரமுனைப் பக்கம் நீலத் திமிங்கலங்கள் கப்பல் பாதையிலேயே மேயும், கப்பல் மோதிச் செத்தும் போகின்றன. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு தலைவலியும் ஒரே இடத்தில். ஸ்பெயின், போர்ச்சுகல் கடலில் 2020 முதல் ஓர்க்கா என்கிற கறுப்பு வெள்ளைத் திமிங்கலக் கூட்டம் ஒன்று படகுகளின் சுக்கானைக் குறிவைத்து உடைக்கிறது, சில படகுகள் மூழ்கியும் போயின. அதைப் பார்த்துத்தான் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது அந்த ஊர்க் கூட்டத்தின் பழக்கம். நம்ம கடலில் ஓர்க்கா தட்டுப்படுவதே அபூர்வம். ஓங்கில், அதாவது டால்பின், கூட்டம் வந்து முன்னால் நீந்தினால் சும்மா உட்கார்ந்து ரசியுங்கள்.

எது மோதினாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தரைப்பலகையைத் தூக்கி அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பில்லை என்றால் குடிதண்ணீர் டேங்க் கசிகிறது, உப்பு என்றால் ஓட்டையைத் தேடுங்கள். அடுத்து சுக்கானை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள்.

தூக்கத்துக்குத் திரும்ப வருகிறேன். மினிக்காய்க்கு வடக்கே 9 டிகிரி, தெற்கே 8 டிகிரிக் கால்வாய், இரண்டிலும் பெரிய கப்பல்கள் போகும், நீங்கள் அந்தப் பாதைகளைக் குறுக்கே கடக்க வேண்டும். 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வருகிற கப்பல் ஐந்து கடல் மைலை இருபது நிமிஷத்தில் தின்றுவிடும், அதனால் அங்கே இருபது நிமிஷ அலாரம் வைத்துத்தான் கண்ணயர வேண்டும், பக்கத்துக் கப்பல்களைத் திரையில் காட்டுகிற ஏஐஎஸ் கருவி இருந்தாலும். அதைத் தாண்டியதும் நீளமாகத் தூங்குங்கள்.

உதவி கேட்பது பற்றி. 2018இல் அபிலாஷ் டோமி தெற்கு இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் விழுந்து முதுகு உடைந்து கிடந்தபோது, செப்டம்பர் 21இல் நடந்த விபத்துக்கு 24ஆம் தேதிதான் பிரெஞ்சுக் கப்பல் ஒசிரிஸ் போய்ச் சேர முடிந்தது. கூப்பிட்டதும் வந்துவிட மாட்டார்கள். ஆபத்தில் சாட்டிலைட் வழியாக உங்கள் இடத்தைச் சொல்லி உதவி கேட்கிற 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் கருவி ஒன்றை வாங்கி உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். கரையில் இருக்கிற உங்கள் வீட்டாருக்குக் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணும் உங்கள் பயணத் திட்டமும் தெரிய வேண்டும். சாட்டிலைட் போன் மட்டும் ஆன்லைனில் பார்த்து வாங்கிவிடாதீர்கள், துரையா, இரிடியம் எல்லாம் நம்ம நாட்டில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கேஸ்.

பழக வேண்டுமென்றால் பாக் நீரிணையில் போய்ச் சுற்றாதீர்கள், ஆழமும் இல்லை, எல்லைக்கோடு வேறு பக்கத்திலேயே. ஆனால் தொண்டிக்கு ஒரு தடவை போய் வத்தை என்கிற பாய்மர வள்ளம் ஓட்டுகிறவர்களோடு கடலுக்குப் போய்வாருங்கள். காற்று கூடினால் வெளியே நீட்டிய பலகையில் ஆள் ஏறி நின்று படகைச் சமன் செய்வார்கள், பாயைச் சுருக்குகிற நேரத்தை முகத்தில் படுகிற காற்றை வைத்தே சொல்வார்கள். பிறகு கொச்சியில் கரையிலிருந்து முப்பது மைல் போய், ஆட்டோபைலட்டை நீங்களே அணைத்துவிட்டு, ஒரு இரவு முழுக்க அந்த சைக்கிள் டியூப்போடு ஓட்டிப் பாருங்கள்.

படகைக் கரையேற்றும்போது அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், சுக்கான் தனியாகத் தொங்குகிறதா, முன்னால் தாங்கு கட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாகத் தொங்குகிற வகை என்றால் அதன் தண்டையும் புஷ்ஷையும் லேத் பட்டறையில் கொடுத்துத் தேய்மானம் பார்த்த பிறகு மற்றதைப் பேசுவோம்.